வெர்னர் மரபணு: முதுமையும் புற்றுநோயும் சந்திக்கும் இடம்

வயது ஏற ஏறப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது என்பது மருத்துவம் மிக உறுதியாக அறிந்த செய்திகளுள் ஒன்று. காலப்போக்கில் செல்களில் பிழைகள் சேர்கின்றன, அவற்றுள் சில புற்றாக முடிகின்றன என்பது இதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம். அது பொய்யன்று, ஆனால் போதாது. முதுமையுறும் செல் பிளவுபடும் ஆற்றலை இழந்து ஓய்ந்துவிடுகிறது. புற்றுச்செல்லோ ஓய்வறியாமல் பிளவுபட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரே வகைப் பிழைகள் இப்படி எதிரெதிரான முடிவுகளுக்கு எவ்வாறு இட்டுச்செல்கின்றன என்பதை அந்த விளக்கம் சொல்வதில்லை. இந்த வினாவை அறிவியல் நெடுங்காலம் இரு தனிப்பாதைகளில் அணுகியது. ஒன்று மரபணுத்தொகுதியின் நிலைகுலைவைப் பற்றியது, அதாவது டி.என்.ஏ. இழை முறிவதையும், அதன் எழுத்துகள் மாறுவதையும், குரோமோசோம்கள் துண்டாகி இடம் மாறி ஒட்டிக்கொள்வதையும் ஆராய்வது. மற்றொன்று எபிஜெனிடிக்ஸ் எனப்படும் மேல்மரபியல். எழுத்து வரிசையில் கை வைக்காமலேயே எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேதிக் குறிகளையும், டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் நிலைகளையும் ஆராய்வது. பாடநூல்கள் இவ்விரண்டையும் இன்றும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைக்கின்றன. அந்தப் பிரிவினை வசதிக்காகச் செய்யப்பட்டது, இயற்கையில் அப்படியொரு எல்லை இல்லை என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவது ஒரே ஒரு மரபணுவின் வரலாறு.

அந்த வரலாறு ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டில் தொடங்குகிறது. ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற ஓட்டோ வெர்னர் 1904ஆம் ஆண்டு அளித்த ஆய்வேடு, கண்புரையும் தோல் இறுக்கமும் சேர்ந்து வந்த நான்கு உடன்பிறப்புகளைப் பற்றியது. இளம் வயதிலேயே நரைத்த தலை, குள்ளமான உருவம், கைகால்களில் சதை வற்றிய இறுக்கமான தோல், இரு கண்களிலும் புரை என அவர்களிடம் வெர்னர் கண்டவை அனைத்தும் மூப்பின் தோற்றத்தையே ஒத்திருந்தன. 1934இல் நியூயார்க் மருத்துவர்களான ஓப்பன்ஹைமரும் கூகலும் இந்நோய்க்கு வெர்னரின் பெயரையே இட்டனர். 1966இல் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று, அதுவரை பதிவான நோயாளிகளின் குறிப்புகளைத் திரட்டி, பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான ஒரே மரபணு வந்து சேரும்போதே இது தோன்றுகிறது என்பதை உறுதிசெய்தது.

வெர்னர் நோய்க்குறி உள்ளவர்கள் குழந்தைப் பருவத்தில் மற்றவர்களைப் போலவே இருப்பர். பதின்பருவத்தில் வர வேண்டிய உயர வளர்ச்சி வராமற்போவதே முதல் அடையாளம். இருபதுகளில் முடி நரைத்து உதிரும். முப்பது வயதையொட்டிக் கண்புரை வரும். அதன்பின் நீரிழிவு, எலும்பு மெலிவு, தமனித் தடிப்பு, கணுக்காலில் ஆறாத புண் என ஒவ்வொன்றாகச் சேரும். பெரும்பாலோர் ஐம்பதுகளிலேயே மாரடைப்பாலோ புற்றுநோயாலோ இறந்தனர் என்று பழைய பதிவுகள் காட்டுகின்றன. உலகில் பதிவானவர்களில் மிகுதியானோர் ஜப்பானியர். தொல்முன்னோர் ஒருவரிடமிருந்து பரவிய குறிப்பிட்ட ஒரு பிறழ்வு அந்நாட்டில் நிலைத்திருப்பது அதற்கு ஒரு காரணம்.

ஆயினும் இதை முதுமையின் வேகமான நகல் என்று கொள்வது தவறு. இந்நோயாளிகளின் மூளை பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது; ஆல்சைமர் நோய் இவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவதில்லை. புற்றுநோயின் வகையும் வேறுபடுகிறது. பொதுவாக முதியோருக்கு வரும் புற்றுகளில் பெரும்பங்கு, உறுப்புகளின் உட்பூச்சாக அமையும் எபிதீலியச் செல்களில் பிறப்பவை. எலும்பு, தசை, இணைப்புத்திசு ஆகியவற்றில் பிறக்கும் சார்கோமாக்கள் அரியவை. 1996இல் மாகோட்டோ கோட்டோவும் உடன் ஆய்வாளர்களும் திரட்டிய பதிவுகளில், பொதுமக்களிடம் பத்துக்கு ஒன்று என்ற அளவில் உள்ள இந்த விகிதம், வெர்னர் நோயாளிகளிடம் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்றாக இருந்தது. தைராய்டுப் புற்றும், வெயில் படாத உள்ளங்கால் போன்ற இடங்களில் வரும் மெலனோமாவும் இவர்களிடம் மிகுதி. மூப்பின் சில கூறுகளை மட்டும் முன்னதாகக் கொண்டுவரும் இத்தகைய நோய்களைப் பகுதி முதுமை நோய்கள் என ஜார்ஜ் மார்ட்டின் வகைப்படுத்தினார். இந்த வகைப்பாடு வெறும் பெயர்சூட்டல் அன்று. எந்தத் திசு தப்பியது, எது தப்பவில்லை என்பதிலேயே நோயின் இயங்குமுறைக்கான குறிப்பு இருந்தது.

அக்குறிப்பைச் செல்களில் தேடும் வழியை 1961இல் பிலடெல்பியாவின் விஸ்டார் ஆய்வகத்தில் லெனார்ட் ஹேஃப்லிக்கும் பால் மூர்ஹெட்டும் திறந்துவைத்திருந்தனர். மனித இணைப்புத்திசுச் செல்களை ஆய்வகக் குடுவையில் வளர்த்தால், அவை ஏறத்தாழ ஐம்பது முறை இரட்டித்தபின் பெருக்கத்தை நிறுத்திவிடுகின்றன. சாவதில்லை, ஆனால் பிளவுபடுவதும் இல்லை. செல் மூப்பு எனப்படும் இந்நிலையை வெர்னர் நோயாளிகளின் செல்கள் சுமார் இருபது இரட்டிப்புகளிலேயே எட்டிவிட்டன. அதே செல்களின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் 1981இல் வேறொன்றையும் கண்டனர்: ஒரு குரோமோசோமின் துண்டு மற்றொன்றில் ஒட்டியிருந்தது, அதுவும் செல்லுக்குச் செல் வெவ்வேறு வகையில். 1989இல் இச்செல்களில் டி.என்.ஏ.யின் நீண்ட பகுதிகள் அடியோடு காணாமற்போவது நிறுவப்பட்டது. விரைவில் ஓயும் செல்லும் விரைவில் சிதையும் மரபணுத்தொகுதியும் ஒரே நோயாளியின் ஒரே திசுவில் இருந்தன.

பழுதான மரபணு எட்டாம் குரோமோசோமின் குறுங்கையில் இருப்பது 1996இல் சியாட்டில் குழுவால் கண்டறியப்பட்டது. டபிள்யூ.ஆர்.என். எனப் பெயரிடப்பட்ட அது 1,432 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்துக்கான குறிப்பு. புரதத்தின் நடுப்பகுதி ஹெலிகேஸ் எனப்படும் நொதிகளின் அமைப்பைக் கொண்டிருந்தது. டி.என்.ஏ. நகலெடுக்கப்படவோ செப்பனிடப்படவோ வேண்டுமென்றால் அதன் இரு இழைகளும் முதலில் பிரிய வேண்டும். அப்படிப் பிரிப்பவை ஹெலிகேஸ்கள். நன்றாக முறுக்கிய கயிற்றின் புரிகளை நடுவில் பிரித்தால், பிரிந்த இடத்துக்கு அப்பால் முறுக்கு மேலும் இறுகித் தாறுமாறான முடிச்சுகள் விழுவது போல, பிரிந்து நிற்கும் டி.என்.ஏ.யும் தன்மேலேயே மடங்கிக்கொள்ளும். குவானின் என்ற எழுத்து மிகுந்த இடங்களில் நான்கு இழைகள் கூடிய முடிச்சும், இடமும் வலமும் ஒத்த வரிசை உள்ள இடங்களில் சிலுவை வடிவ மடிப்பும் தோன்றும். நகலெடுக்கும் எந்திரம் அங்கே நின்றுவிட்டால் இழை முறியும். இத்தகைய சிக்கல்களை அவிழ்ப்பதே வெர்னர் புரதத்தின் தலையாய வேலை.

குரோமோசோம்களின் முனைகளில் தொப்பி போல் அமைந்திருக்கும் டெலோமியர்கள் குவானின் நிறைந்தவை. ஆதலால் வெர்னர் புரதம் இல்லாத செல்லில் நகலெடுப்பின்போது முதலில் இழப்புக்கு உள்ளாவது அவையே. டெலோமியரை நீட்டும் டெலோமரேஸ் நொதியைச் செயற்கையாகச் சேர்த்தபோது வெர்னர் செல்களின் ஆயுள் மீண்டது. வெர்னர் மரபணு நீக்கப்பட்ட எலிகள் ஏறக்குறைய நலமாகவே இருந்தது ஆய்வாளர்களை முதலில் குழப்பியது. எலிகளின் டெலோமியர்கள் மனிதருடையவற்றைவிட மிக நீளமானவை. டெலோமரேஸும் இல்லாமற் செய்து, சில தலைமுறைகளில் டெலோமியர்களைக் குறுக்கியபின் வெர்னர் மரபணுவை நீக்கிய எலிகளிடம், நரை, எலும்பு மெலிவு, கண்புரை, இணைப்புத்திசுப் புற்று ஆகிய யாவும் வந்தன என்பது 2004இல் வெளியானது.

இதுவரை சொன்னதெல்லாம் இழை முறிவின் கதை. மேல்மரபியல் இதனுள் நுழைந்தது ஈஸ்டின் வழியாக. ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் அந்த ஒருசெல் உயிரியிலும் வெர்னர் மரபணுவின் உறவான எஸ்.ஜி.எஸ்.1 உள்ளது. இயல்பான ஈஸ்டுத் தாய்ச்செல் சராசரியாக ஏறத்தாழ 24 மகவுகளை ஈன்று ஓய்கிறது. அம்மரபணு பழுதான செல்லோ பத்தை எட்டுமுன்பே ஓய்ந்துவிடுகிறது என்பதை மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் சின்கிளேர், லெனார்ட் குவாரன்டே முதலியோர் 1997இல் காட்டினர். அவர்களது கண்டுபிடிப்பின் கனமான பகுதி ஆயுட்கணக்கில் இல்லை. ஈஸ்டில் சில மரபணுக்களை அடக்கிவைப்பவை சர் என்ற தொகுதியைச் சேர்ந்த புரதங்கள். ஹிஸ்டோன்களின் வேதிக் குறிகளை மாற்றி, அவ்விடத்து டி.என்.ஏ.யை இறுக்கமாகச் சுருட்டிவைப்பதே அவற்றின் உத்தி. முதிய செல்களிலும் எஸ்.ஜி.எஸ்.1 பழுதான செல்களிலும் இப்புரதங்கள் தம் வழக்கமான இடங்களைவிட்டு, சிதைந்துகொண்டிருந்த நியூக்ளியோலஸ் என்ற பகுதிக்குப் போய்விட்டிருந்தன. டி.என்.ஏ. முறிந்த இடங்களுக்கும் அவை விரைகின்றன என்பது 1999இல் உறுதியானது. காவல் போன இடங்களில், அடங்கியிருக்க வேண்டிய மரபணுக்கள் விழித்துக்கொண்டன; முதிய ஈஸ்டு இனப்பெருக்க ஆற்றலை இழப்பது இதனால்தான். முறிவு ஓரிடத்தில், அதன் விளைவு எழுத்தே மாறாத இன்னோரிடத்தில்.

பாலூட்டிகளிலும் இதையொத்த இடப்பெயர்ச்சி நடப்பதை 2008இல் எலிச் செல்களில் செய்த ஆய்வு காட்டியது. வெர்னர் புரதத்தைப் பற்றிய நேரடியான சான்று 2015இல் கிடைத்தது. மனிதக் கருமூலச் செல்களில் அம்மரபணுவை நீக்கி, அவற்றிலிருந்து இணைப்புத்திசுவின் ஸ்டெம் செல்களை உருவாக்கியபோது, அவற்றில் இறுகச் சுருண்ட டி.என்.ஏ. பகுதிகள் தளர்ந்துபோயிருந்தன, அந்த இறுக்கத்தை உண்டாக்கும் ஹிஸ்டோன் குறி, வெர்னர் புரதம் இல்லாதபோது வேகமாகத் தேய்ந்தது. அக்குறியை இடும் நொதியோடு வெர்னர் புரதம் நேரடியாக இணைந்து நிற்பதும் தெரியவந்தது. முறிவுகளைத் தடுப்பதற்கென்றே இருப்பதாகக் கருதப்பட்ட புரதம், இழையின் சுருளைக் காப்பதிலும் பங்கு கொண்டிருந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் ஹார்வத் 2013இல் வகுத்த முறை ஒன்று, டி.என்.ஏ.யின் 353 இடங்களில் உள்ள, மெதில் என்ற மற்றொரு வகை வேதிக் குறிகளின் அளவைக் கொண்டு ஒருவரின் வயதைக் கணிக்கிறது; அந்த அளவுகோலின்படி வெர்னர் நோயாளிகளின் இரத்தம் அவர்களது உண்மையான வயதைவிடச் சராசரியாகச் சுமார் ஆறு ஆண்டுகள் மூத்திருந்தது.

சின்கிளேரின் பிற்கால ஆய்வுக்குழு 2023இல் இன்னும் ஒரு படி சென்று, எழுத்து மாற்றம் ஏதும் குறிப்பிடத்தக்க அளவில் விளையாத இடங்களில் எலிகளின் டி.என்.ஏ.யை வெட்டி ஒட்டவிட்டு, அவ்வெலிகள் முன்னதாக மூப்படைந்ததாக அறிவித்தது. முறிவைச் செப்பனிடும் பரபரப்பில் குறிகள் குழம்புவதே மூப்பு என்பது அக்குழுவின் வாதம். இழை முறிவே பல செல்களைக் கொன்றும் ஓயவைத்தும் இவ்விளைவுகளைத் தந்திருக்கலாம் என்று மறுப்போர் உள்ளனர். அவர்களது ஐயம் நியாயமானது. குறிகளின் குழப்பத்தை முறிவின் பிற விளைவுகளிலிருந்து பிரித்தறிவது எளிதன்று.

போக்குவரத்து ஒருவழி அன்று என்பதே இங்கு கவனத்துக்குரியது. குறிகள் எழுத்தைக் கெடுப்பதும் உண்டு; அதற்கான மிக எளிய சான்று மெதில் குறியே. மனித டி.என்.ஏ.யில் சைட்டோசின் என்ற எழுத்துக்குப் பின் குவானின் வரும் இடங்கள் ஏறத்தாழ 2.8 கோடி உள்ளன. அவற்றுள் 70 முதல் 80 விழுக்காட்டில் சைட்டோசினின் மேல் மெதில் என்ற சிறு வேதித் தொகுதி ஒட்டியிருக்கிறது. உடல் வெப்பத்தில், நீரின் நடுவில், எந்த நஞ்சும் எந்தக் கதிரும் இல்லாமலேயே சைட்டோசின் அவ்வப்போது தன் அமைன் தொகுதியை இழந்துவிடும். குறியில்லாத சைட்டோசின் அவ்வாறு இழந்தால் யுராசில் ஆகிறது, யுராசில் டி.என்.ஏ.யில் இருக்கக் கூடாத எழுத்து என்பதால் பழுதுநீக்கும் நொதி அதை உடனே அடையாளம் கண்டு அகற்றுகிறது. டி.என்.ஏ. இப்படித் தானாகவே சிதைகிறது என்பதையும், செல் அதைச் செப்பனிடும் முறையையும் கண்டறிந்த தோமஸ் லின்டாலுக்கு 2015இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மெதில் குறி தாங்கிய சைட்டோசினோ, அமைனை இழக்கும்போது தைமின் ஆகிவிடுகிறது, தைமின் டி.என்.ஏ.யின் இயல்பான நான்கு எழுத்துகளில் ஒன்று. எதிர் இழையோடு பொருந்தாமல் நிற்பதைக் கொண்டே அதைப் பிழை என்று அறிய வேண்டும், அதற்குள் செல் பிளவுபட்டுவிட்டால் பிழை நிலையாகிவிடும். புற்றுநோய் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வுகளில், நோயாளியின் வயதோடு சீராகக் கூடுவதாகக் கண்டறியப்பட்ட பிறழ்வு வகைகளுள் முதன்மையானது இதுவே. புற்றைத் தடுக்கும் பி53 புரதத்தின் மரபணுவில் பிறழ்வுகள் குவியும் 175, 248, 273 ஆகிய குறியீட்டு இடங்கள் மூன்றும் மெதில் தாங்கும் இத்தகைய இடங்களே.

குறியிடும் நொதிகளே பிறழ்வுக்கு உள்ளாவதும் முதுமையில் சாதாரணம். 2014இல் வெளியான ஆய்வுகள், எழுபது வயதைக் கடந்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில், பிறழ்வுற்ற ஒரே ஸ்டெம் செல்லின் வழித்தோன்றல்கள் கணிசமான பங்கு வகிப்பதைக் காட்டின. அப்பிறழ்வுகள் மிக அடிக்கடி தென்படும் மரபணுக்கள் டி.என்.எம்.டி.3ஏ, டெட்2 ஆகியவை. முன்னது மெதில் குறியை இடுவது, பின்னது அதை நீக்கத் தொடங்குவது. இவர்களில் மிகச் சிலருக்கே பின்னர் இரத்தப் புற்று வருகிறது. ஆனால் இதயநோய் வாய்ப்பு இவர்களிடம் கூடுதலாக இருப்பது கண்டறியப்பட்டுள்ளது.

புற்றுச்செல்லில் மெதில் குறிகள் ஒரே வேளையில் இருவகையாகத் தடம் புரள்கின்றன. மரபணுத்தொகுதி முழுவதிலும் அவை குறைகின்றன. 1983இல் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க்கும் பெர்ட் வோகல்ஸ்டைனும் இதை மனிதப் புற்றுத்திசுக்களில் கண்டனர். குறைவதால் மட்டுமே புற்று வருமா என்ற வினாவுக்கு 2003இல் விடை கிடைத்தது: மெதில் குறியைப் பேணும் நொதி பத்தில் ஒரு பங்கு மட்டுமே இருக்குமாறு உருவாக்கப்பட்ட எலிகளில் குரோமோசோம் எண்ணிக்கை குலைந்து, சில மாதங்களிலேயே நிணநீர்ச் செல் புற்று தோன்றியது. இதற்கு மாறாக, குடற்கட்டிகள் தோன்றும் இயல்புடைய வேறொரு எலி வகையில் மெதில் குறைப்பு கட்டிகளைக் குறைத்தது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். அங்கே வேலை செய்வது இரண்டாம் வகைத் தடம்புரள்வு: புற்றைத் தடுக்கும் காவல் மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் மெதில் குறிகள் புதிதாகக் குவிந்து அவற்றை வாயடைத்துவிடுவது.

அப்படி வாயடைக்கப்படும் மரபணுக்களுள் எம்.எல்.எச்.1 முக்கியமானது. நகலெடுப்பில் நேரும் பொருத்தமின்மைகளைத் திருத்தும் தொகுதியில் அது ஓர் உறுப்பு. அது அடங்கிவிட்டால், ஓரிரு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் மைக்ரோசாட்டலைட் என்ற பகுதிகள் ஒவ்வொரு நகலெடுப்பிலும் நீண்டோ குறுகியோ போகும். பெருங்குடல் புற்றுகளில் ஏறத்தாழ 15 விழுக்காடு இத்தகையவை. அவற்றிலும் பெரும்பான்மை பரம்பரையாக வருவன அல்ல, முதிய வயதில் எம்.எல்.எச்.1 மெதில் குறிகளால் அடங்கியதால் வருவன. எழுத்து ஒன்றுகூட மாறாமல் தொடங்கிய ஒரு மாற்றம் பின்னர் பல்லாயிரம் எழுத்துகளை மாற்றிவிடுகிறது.

இவ்வளவு சேதத்தையும் கண்டு செல் எடுக்கும் முடிவில்தான் மூப்பும் புற்றும் பிரிகின்றன. முறிவை உணர்ந்த பி53 செல்லை நிறுத்துகிறது. நிறுத்தப்பட்ட செல்கள் திசுவில் சேர்ந்து அதை வயோதிகமாக்குகின்றன. பி53 கெட்டுப்போனால் அதே சேதத்தோடு செல் முன்னேறிப் புற்றாகலாம். ஹூஸ்டன் நகரில் பி53 மிகையாக இயங்குமாறு தற்செயலாக உருவான எலிகள் புற்றிலிருந்து பெரும்பாலும் தப்பின; ஆனால் இயல்பான எலிகள் 118 வாரம் வாழ்ந்தபோது அவற்றின் இடைநிலை ஆயுள் 96 வாரமே என்பது 2002இல் வெளியானது. அதே ஆண்டு மாட்ரிட் ஆய்வாளர்கள் பி53 மரபணுவின் கூடுதல் படியை அதன் இயல்பான கட்டுப்பாட்டோடு சேர்த்துத் தந்த எலிகளோ புற்றை எதிர்த்தும் முன்னதாக மூப்படையவில்லை. ஒன்றைத் தடுத்தால் மற்றது வந்தே தீரும் என்ற விதி இல்லை. நிறுத்தும் ஆணை எப்போது, எவ்வளவு நேரம் பிறக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. வெர்னர் நோயாளியின் இணைப்புத்திசுவில் அந்த ஆணை ஓயாமல் பிறக்கிறது; அதை மீறிய செல் ஏதேனும் ஒன்று சார்கோமாவாகிறது.

வெர்னர் மரபணுவும் பொதுமக்களின் புற்றுகள் சிலவற்றில் மெதில் குறிகளால் அடக்கப்பட்டிருப்பது 2006இல் மானல் எஸ்டெல்லரின் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டபோது, அது புற்றைத் தடுக்கும் மரபணு என்ற கருத்து வலுப்பெற்றது. 2019இல் அக்கருத்துக்கு எதிர்பாராத மறுபக்கம் தெரிந்தது. நூற்றுக்கணக்கான புற்றுச்செல் வகைகளில் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்த வெவ்வேறு ஆய்வுக்குழுக்கள், மைக்ரோசாட்டலைட் நிலைகுலைந்த புற்றுச்செல்கள் வெர்னர் புரதம் இல்லாமல் உயிர்வாழ முடியாது என்ற ஒரே முடிவை அடைந்தன. அமெரிக்கத் தேசிய நலவாழ்வுக் கழகங்களின் ஆய்வாளர்கள் 2020இல் காரணத்தைக் காட்டினர்: இச்செல்களில் தைமினும் அடினினும் மாறிமாறி வரும் பகுதிகள் வெகுவாக நீண்டு, சிலுவை மடிப்புகளாகின்றன. வெர்னர் புரதம் அவற்றை அவிழ்க்காவிட்டால் வேறொரு நொதி வந்து வெட்டுகிறது. குரோமோசோம்கள் நூறு துண்டாகின்றன.

இப்புரதத்தின் ஹெலிகேஸ் வேலையைத் தடுக்கும் மருந்து மூலக்கூறுகள் இப்போது மருத்துவச் சோதனையில் உள்ளன. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மூலக்கூறு ஒன்றைப் பற்றிய விரிவான ஆய்வு 2024இல் வெளியாயிற்று. வெர்னர் நோயாளிகள் பிறவியிலிருந்தே அப்புரதம் இல்லாமல் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள் என்பதால், சில மாதங்கள் மட்டும் அதைத் தடுப்பதை இயல்பான திசுக்கள் தாங்கும் என்ற எதிர்பார்ப்புக்கு இடமிருக்கிறது. எல்லா நோயாளிகளும் ஒரே அளவில் பயனடைவார்கள் என்று எதிர்பார்க்க இயலாது. ஆய்வகத்தில் எம்.எல்.எச்.1ஐ அண்மையில் இழந்த செல்கள் வெர்னர் புரதம் இல்லாமலும் தாக்குப்பிடிக்கின்றன. தைமின்-அடினின் பகுதிகள் நீள்வதற்கு எத்தனையோ செல் பிளவுகள் தேவை. ஆகவே எம்.எல்.எச்.1 அடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. அது அடங்கி எவ்வளவு காலமாயிற்று என்பதை, அப்பகுதிகளின் நீளத்தை அளந்து அறிய வேண்டியிருக்கும்.